இரு விறலியர்

பழந்தமிழில் விறலி என்றொரு சொல் உண்டு. பாணரோடு ஊர்தோறும் சென்று, பாடவும் ஆடவும் வல்லவளாய், உள்ளத்திலே தோன்றும் சுவை உடலிலே புலப்பட நடிப்பவளை அப்பெயரால் வழங்கினர். பாடுபவள் வேறு, ஆடுபவள் வேறு, நடிப்பவள் வேறு என்று பிரித்தெண்ணும் வழக்கம் பிற்காலத்தில் வந்தது. வட இந்தியாவிலே, முகத்திரை வழக்கம் தளராத உயர்குடி ஒன்றிற் பிறந்த சகோதரியர் இருவரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இச்சொல்லே எனக்கு நினைவுக்கு வருகின்றது. பாணர் குடியிற் பிறந்தவளுக்கு ஆட்டமும் பாட்டும் தாய்வழிச் செல்வம். இவ்விருவருக்கோ அவை வீட்டார் விலக்கி வைத்த பொருள்கள்.

மூத்தவர் ஸோரா. இளையவர் உஸ்ரா. மூத்தவரைத் திரைப்படத்திலே நரைத்த தலையும் குறும்புச் சிரிப்பும் உடைய பாட்டியாகக் கண்டோர் பலர். இளையவரின் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்போரே மிகுதி. ஆயினும் ஒரு காலத்திலே பம்பாய் நாடக மேடையில் தலைவியாக விளங்கியவர் இளையவர். துணைப் பாத்திரம் ஏற்றவர் மூத்தவர். ஒருவர் கதையைச் சொல்லி மற்றவரை விட்டுவிடுதல் ஒற்றைக்கால் சிலம்பொலியைக் கேட்பது போலாகும். ஆதலின் இருவர் வரலாற்றையும் ஒருங்கே சொல்லப் புகுந்தேன்.

ஸோரா 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆந் திகதி, ஐக்கிய மாகாணத்துச் சகாரன்பூரிலே பிறந்தார். தந்தையார் மும்தாசுல்லா கான்; ரோகில்லாப் பத்தானியர் வழியினர். மக்கள் எழுவர். அவருள் ஸோரா மூன்றாமவர். உஸ்ரா அவருக்கு ஐந்து ஆண்டு பின்னர், 1917இல் பிறந்தார். தேராதூனுக்கு அண்மையிலுள்ள சக்ராத்தா மலைப்பகுதியிலே ஸோராவின் இளமை கழிந்தது. மரமேறுவதிலும் ஓடி விளையாடுவதிலும் ஆண்பிள்ளைகளுக்குப் பின்னிடாத சிறுமி அவர். தாயார் இளமையிலேயே காலமானார். பெண்மக்கள் படிக்கவேண்டும் என்பது அத்தாயின் விருப்பமாக இருந்தது. அவ்விருப்பத்தின்படி அவர் லாகூர் நகரத்து இராணி மேரி கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்.

அக்கல்லூரியிற் கடுமையான திரையொழுக்கம் நிலவியது. ஆடவர் எவரேனும் வந்து பாடஞ் சொல்ல நேர்ந்தால், அவர் ஒரு திரைக்குப் பின்னே அமர்ந்தே பேசவேண்டும். முப்பது ஆண்டுக்கு மேலாக வகுப்பறையில் நின்று பழகிய எனக்கு, மாணவியர் முகத்தைக் காணாது திரையை நோக்கிப் பாடஞ் சொன்ன அந்த ஆசிரியர்கள்பால் ஓர் இரக்கம் உண்டாகின்றது. திரையின் மறுபுறத்திருந்து கேட்ட பெண்களில் ஒருத்தி, சில ஆண்டுகளில் உலகத்து அரங்குகளில் ஏறி ஆயிரக்கணக்கானோர் முன்னே ஆடப் போகின்றாள் என்பதை அவர் எவ்வாறு அறிவார்?

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் திருமணம் என்பதே அக்குடியின் வழக்கம். ஸோரா அதற்கு இசையவில்லை. ஒரு தொழிலைக் கற்றுத் தன்காலில் நிற்கவேண்டும் என்று எண்ணினார். எடின்பரோவில் வாழ்ந்த மாமன் ஒருவர், ஆங்கில நடிகர் ஒருவரிடம் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதாக ஏற்றுக்கொண்டார். 1930ஆம் ஆண்டளவில் மாமனும் மருமகளும் மோட்டார் வண்டியிலே லாகூரை விட்டுப் புறப்பட்டனர். கப்பலில் ஏறி இலண்டன் துறையில் இறங்குவதே அக்காலத்தார் சென்ற வழி. இவர்களோ பாரசீகத்தைக் கடந்து, பலத்தீனம், தமாஸ்கு என்று தரைவழியே சென்று, எகிப்தை அடைந்து, அலெக்சாந்திரியாத் துறையிலேதான் கப்பலேறினர். பதினெட்டு வயதுப் பெண், அதுவும் திரைக்குள் இருந்து வந்தவள், பாலைவனத்துப் புழுதியிலே மாதக்கணக்கில் பயணஞ் செய்தாள் என்றால், அப்பயணமே அவளுக்கு ஒரு கல்லூரியாய் அமைந்திருக்க வேண்டும்.

நடிக்கப் புறப்பட்டவர் நாட்டியத்திற்குத் திரும்பியது தற்செயலாகவே நிகழ்ந்தது. ஐரோப்பாவில் இருந்த அத்தை ஒருவர், ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலே மேரி விக்மன் அம்மையார் நடத்திய நடனக் கல்லூரியிற் சேர்ந்து பார் என்று தூண்டினார். ஸோரா அதுவரை முறையாக ஓரடியும் ஆடியவர் அல்லர். விக்மன் அம்மையாரோ அக்காலத்துப் புதுமை நடனத்தின் முதல்வருள் ஒருவர். பாலே எனப்படும் பழைய ஐரோப்பிய ஆட்டத்தின் அலங்காரங்களைத் துறந்து, உள்ளத்து உணர்ச்சியின் வேகமே உடலை இயக்கவேண்டும் என்று கற்பித்தவர். அக்கல்லூரியிற் பயின்ற முதல் இந்தியப் பெண் ஸோரா என்பர். மூன்று ஆண்டுகள் அங்கே கற்றார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோதும் டிரெஸ்டனிலேயே இருந்தார்.

அங்கிருந்த காலத்திலேதான் உதயசங்கரின் சிவன் பார்வதி நடனத்தைக் காணும் பேறு கிடைத்தது. அந்நாளில் உதயசங்கர் ஐரோப்பா எங்கும் பேரெடுத்துத் திரிந்தவர். ஆட்டம் முடிந்தபின் அவரைச் சென்று கண்டார் ஸோரா. வாய்ப்பு உண்டாகுமாயின் அழைப்பேன் என்று அவர் வாக்களித்தார். பெரியோர் இவ்வாறு சொல்லி மறந்துவிடுவது உலக வழக்கம். உதயசங்கர் மறக்கவில்லை. ஸோரா தாயகம் திரும்பியிருந்த வேளை, ஜப்பானியப் பயணத்துக்கு வருமாறு தந்தி வந்தது. 1935ஆம் ஆண்டு ஆகத்து 8ஆந் திகதி அக்குழுவிற் சேர்ந்தார். ஜப்பான், எகிப்து, ஐரோப்பா, ஐக்கிய அமெரிக்கா எனப் பயணங்கள் தொடர்ந்தன. பிரெஞ்சு நாட்டுப் பெண்ணாகிய சிம்கியோடு குழுவின் முன்னணி நடனமாதராய் அவர் விளங்கினார்.

சில காலத்தின் பின்னர் உஸ்ராவும் அக்குழுவில் இணைந்தார். அக்காள் வழி திறந்தாள், தங்கை அதன்வழி நடந்தாள் என்று இதனை எளிதிற் சொல்லிவிடலாம். ஆனால் முதலாமவள் வீட்டைவிட்டுச் செல்லும்போது சுற்றத்தார் வியப்போடு பார்த்திருப்பர். இரண்டாமவளும் செல்லும்போது ஒரு குடியே கெட்டுவிட்டது என்று பேசியிருப்பர். ஆடும் பெண்ணைக் கண்டு களித்துவிட்டு, அவள் பிறந்த குடியை இழித்துரைக்கும் இயல்பு நம்மவரிடத்தும் நெடுங்காலம் இருந்ததன்றோ? அந்தப் பழிச்சொல்லுக்கு நடுவே இரு பெண்களும் உலகை வலம்வந்தனர் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

போர் மூண்ட காலத்தில் உதயசங்கர் இந்தியா திரும்பி, இமயமலைச் சாரலில் அல்மோரா என்னும் ஊரிலே ஒரு கலைநிலையம் அமைத்தார். ஒவ்வொரு கலைக்கும் அதனதன் பரம்பரை ஆசான்மாரை வருவித்துக் கற்பித்த இடம் அது. கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரி நடனத்துக்கு அமுபிசிங், இசைக்கு அலாவுதீன்கான், பரதநாட்டியத்துக்கு நம் தமிழகத்துக் கந்தப்பாபிள்ளை. பாலசரஸ்வதிக்கு நாட்டியம் பயிற்றிய அதே கந்தப்பாபிள்ளை, தஞ்சை மரபின் அடவுகளை இமயத்துக் குளிரிலே கற்பித்தார் என்பது நமக்கொரு பெருமிதச் செய்தி. ஸோரா அங்கே மாணவர்க்கு ஆசிரியராக அமர்ந்தார்.

அல்மோராவிலேதான் அவர் காமேசுவரர் சேகல் என்பவரைச் சந்தித்தார். ஓவியமும் ஆட்டமும் அறிவியலும் ஒருங்கே பழகிய இளைஞர், இந்து, ஸோராவினும் எட்டு வயது இளையவர். இரு குடும்பத்தாரும் தயங்கினர்; பின் இசைந்தனர். 1942ஆம் ஆண்டு ஆகத்து 14ஆந் திகதி திருமணம் நிகழ்ந்தது. அதற்கு வருவதாக இருந்த ஜவகர்லால் நேரு, சில நாள் முன்னதாக, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் தொடக்கத்திலே சிறைப்பட்டார். இந்துவும் முஸ்லிமும் கைபிடித்த அந்த நாள், சரியாக ஐந்து ஆண்டுகளின் பின் பாகித்தான் பிறந்த நாளாயிற்று. காலம் சில வேளைகளில் இத்தகைய விளையாட்டுகளை ஆடுகின்றது.

அல்மோரா நிலையம் பொருள் முட்டுப்பாட்டினால் மூடப்பட்டது. கணவனும் மனைவியும் லாகூருக்குச் சென்று, தம்மிருவர் பெயரையும் இணைத்து ஸோரேஷ் நடனப்பள்ளி என ஒன்றை நிறுவினர். பள்ளி நன்றாகவே நடந்தது. ஆனால் நகரத்தின் காற்று மாறிவந்தது. இந்து ஒருவனும் முஸ்லிம் பெண் ஒருத்தியும் ஒருவீட்டில் வாழ்வது அயலார் கண்ணை உறுத்தத் தொடங்கிற்று. கைக்குழந்தையாகிய மகள் கிரணைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பம்பாய்க்குப் புறப்பட்டனர். பம்பாயில் அப்போது யார் இருந்தார்? உஸ்ரா இருந்தார்.

பிருதிவிராஜ் கபூர் தம் திரைப்பட வருவாயைக் கொட்டி நடத்திய பிருதிவி நாடகக் குழு அப்போதுதான் தோன்றியிருந்தது. 1945இல் அரங்கேறிய அதன் முதல் நாடகம் சகுந்தலை. துஷ்யந்தனாக பிருதிவிராஜே நடித்தார். சகுந்தலையாக நடித்தவர் உஸ்ரா. காளிதாசனுடைய கன்னியை, ஒரு பத்தான் குலத்துப் பெண் உருதுவும் இந்தியும் விரவிய மொழியிலே உயிர்ப்பித்த காட்சியை எண்ணிப் பார்க்கும்போது, கலைக்குச் சாதி சமயம் உண்டோ என்ற கேள்வி எழாமற் போகாது. அக்குழுவில் நடனப் பயிற்சியாளராகவும் நடிகையாகவும் ஸோரா சேர்ந்தார். மாதச் சம்பளம் நானூறு ரூபா. பதினான்கு ஆண்டுகள் அங்கே இருந்தார். நடனத்துக்கு உதயசங்கரையும் நாடகத்துக்குப் பிருதிவிராஜையும் தம் குருவாக அவர் கடைசிவரை போற்றிவந்தார்.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. உலகம் சுற்றி வந்த அக்காள், தங்கை தலைவியாக நடிக்கும் மேடையிலே சிறு பாத்திரங்களை ஏற்றாள். உஸ்ரா அழகி, குரல்வளமும் உடையவர். ஸோரா தம் தோற்றத்தைத் தாமே எள்ளி நகையாடுபவர். பொறாமை இருந்தது. அதனை ஸோரா பிற்காலத்தில் ஒளிக்காமற் சொன்னார். உடன்பிறந்தார் ஒரே தொழிலில் ஈடுபட்டால் மூத்தவருக்கு இளையவர் முந்துவது முள்ளாய்த் தைக்கும். வீணையும் குழலும் ஒரு கச்சேரியில் ஒலிக்கும்போதும் ஒன்று மேலெழத்தான் செய்யும். ஆனால் தைத்த முள்ளோடே ஸோரா பதினான்கு ஆண்டு அக்குழுவை விட்டு விலகாது உழைத்தார் என்பதே அறியத்தக்கது.

குழுவின் வாழ்வு சுகவாழ்வன்று. மூன்றாம் வகுப்பு இரயில் வண்டியிலே திரைச்சீலைகளையும் மரப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வர்; தங்கும் இடத்திலே நிலத்தில் பாய் விரித்து உறங்குவர். தலைவருக்கு ஒரு நீதி, தொழிலாளிக்கு ஒரு நீதி என்பது அங்கே இல்லை. ஒவ்வொரு நாடகமும் முடிந்தபின் பிருதிவிராஜ் வாயிலிலே தலைகவிழ்ந்து, துண்டை ஏந்தி நிற்பார். வெளியேறும் மக்கள் அதில் இடும் பணம் பஞ்சத்தாலும் கலகத்தாலும் துன்புற்றோருக்குச் செல்லும். பதினாறு ஆண்டுகளில் 2600க்கு மேற்பட்ட முறை அக்குழு மேடையேறியது. விறலியரும் பாணரும் சென்ற பழைய வழியை, இரயில் தண்டவாளத்தின் மேலே இவர்கள் மறுபடி நடந்தனர் எனலாம்.

அக்குழு நடித்த நாடகங்களுள் தீவார் என்பது ஒன்று. சுவர் என்பது அதன் பொருள். அன்போடு வாழ்ந்த அண்ணன் தம்பியர், வீட்டுக்குள் புகுந்த அந்நியரின் சூழ்ச்சியால் மனம்வேறுபட்டு, பிறந்த வீட்டின் நடுவே சுவரெழுப்புகின்றனர். இறுதியிலே சுவர் இடிக்கப்படுகின்றது. நாட்டைப் பிரிக்கலாகாது என்பதை மறைவின்றிச் சொன்ன நாடகம் அது. 1945இல் அரங்கேறி, பிரிவினைக்கு முன்னும் பின்னும் ஆடப்பட்டது. அடுத்து வந்தது பத்தான்: இந்து நண்பனின் மகனைக் காக்கத் தன் மகனையே பலிகொடுக்கும் ஒரு பத்தானியனின் கதை. இரவுதோறும் மேடையிலே சுவர் இடிந்தது, கரவொலி எழுந்தது. 1947இல் வெளியே எழுந்த சுவரோ இடியவில்லை. அச்சுவர் இந்தச் சகோதரியர் இருவருக்கும் நடுவிலேயே ஒருநாள் வந்து நிற்கும் என்று அப்போது எவரும் கருதவில்லை.

ஸோரா திரைப்படத்துறையிலும் கால்வைத்தார். 1946இல் வந்த தர்த்தி கே லால், நீசா நகர் ஆகிய படங்களில் நடித்தார். பின்னவை கேன்ஸ் விழாவிற் பரிசுபெற்றது. 1951இல் பாசி, 1956இல் சி.ஐ.டி. ஆகிய படங்களின் நடனங்களை அமைத்தார். இவை யாவும் விரைந்து சொல்லிச் செல்லத்தக்கன. சொல்லத் தயங்குவது 1959ஆம் ஆண்டு. அவ்வாண்டிலே காமேசுவரர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இரு குழந்தைகளோடு ஸோரா தனித்தார். அடுத்த ஆண்டிலே பிருதிவிராஜின் உடல்நலக் குறைவால் நாடகக் குழுவும் மூடப்பட்டது. ஒருவர்க்கு வீடும் மேடையும் ஓராண்டு இடைவெளியில் அற்றுப்போயின.

தில்லிக்குச் சென்று ஒரு நாடகப் பள்ளியை நடத்தினார். 1962இல் நாடகப் பயிற்சிக்கான உதவிப்பணம் பெற்று இலண்டன் சென்றார். ஐம்பது வயதில், அன்னிய நாட்டிலே, தன் பெயரை அறியாதவர் நடுவிலே வாழ்க்கையைத் தொடங்கினார். கிப்ளிங்கின் கதையொன்றைத் தழுவிய தொலைக்காட்சி நாடகத்திலே 1964இல் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் நெடுங்காலம் வந்தவை யாவும் அத்தகைய சிறு வேடங்களே. கிடைத்ததைச் செய்து, பிள்ளைகளை ஆளாக்கினார். இருபது ஆண்டுகள் காத்திருந்தபின், 1984இல் ஒளிபரப்பான தி ஜுவல் இன் த கிரவுன் என்னும் தொடரே அவருக்குப் பெயர் தேடித்தந்தது. எழுபத்திரண்டாம் வயதிலே ஒரு நடிகை அறியப்படத் தொடங்கினார் என்று சொன்னால், இளமை கழிந்தது என்று இன்று வருந்துவோர் சற்றே நாணுவர்.

அக்காள் மேற்கே சென்ற இரண்டாம் ஆண்டிலே, 1964இல், தங்கை எல்லையைக் கடந்தார். உஸ்ரா தம் கணவரோடு பாகித்தானுக்குக் குடிபெயர்ந்தார். பிரிவினைக் கலகத்தின்போது போகாதவர், பதினேழு ஆண்டுகள் சென்றபின் போனார். மறு ஆண்டிலேயே இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. 1971இல் மீண்டும் போர். கடிதங்கள் தாமதித்தன, போக்குவரவு அற்றது, ஒருவர் மற்றொருவரைக் காண அனுமதிச்சீட்டுக் கேட்டு அலுவலகங்களிலே காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரே தாய்வயிற்றிற் பிறந்தவர், இப்போது இரு நாட்டுக் குடிகள்.

இங்கே உஸ்ராவின் வரலாற்றிலே ஏறத்தாழ இருபது ஆண்டு மௌனம் நிலவுகின்றது. சகுந்தலையாக நின்று ஆயிரக்கணக்கானோரைக் கண்ணீர் விடச் செய்தவர் மேடையில் இல்லை. 1977இல் படைத்தலைவர் சியாவுல்ஹக் ஆட்சியைப் பற்றியபின், பெண்கள் பொதுமேடையில் ஆடுவதென்பது அங்கே அரிதினும் அரிதாயிற்று. இவ்விருவர் கதையைக் கூறுவோர் பலர், கலையைக் கைவிடாத அக்காளையும் கைவிட்ட தங்கையையும் எதிரெதிரே நிறுத்தி, முன்னவரைப் புகழ்ந்து பின்னவருக்கு இரங்குவர். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. இலண்டன் மாநகரிலே சிறு வேடத்துக்காகக் காத்திருத்தல் ஒருவகைத் தவம். லாகூரிலே ஒருநாள் காலம் மாறும் என்று காலடியை அடக்கி வீட்டிலிருத்தல் மற்றொரு வகைத் தவம். இரண்டாவதைப் பார்த்துக் கைதட்ட யாரும் இல்லை என்பதே வேறுபாடு.

காலம் மாறுமுன்னரே மாற முற்பட்டோர் சிலர் லாகூரில் இருந்தனர். மதீஹா கௌஹர் என்னும் அம்மையாரும் அவர்தம் தோழர்களும், படையாட்சி கடுமையாக இருந்த எண்பதுகளின் முற்பகுதியிலேயே அஜோகா என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினர். அரங்கு கிடைக்காவிடின் வீட்டு முற்றத்திலே நடித்தனர். 1985ஆம் ஆண்டளவில், அறுபத்தெட்டாம் வயதிலே, உஸ்ரா அக்குழுவிற் சேர்ந்தார். தம் பேரப்பிள்ளைகளின் வயதினரோடு நின்று ஒத்திகை பார்த்தார். பிருதிவிராஜிடம் கற்ற ஒழுங்கை அவ்விளைஞர்க்குச் சொல்லாமற் சொல்லிக் கொடுத்தார். அதே காலப்பகுதியிலே ஸோராவும் இலண்டன் வாழ்வை முடித்து இந்தியா திரும்பினார். உதயசங்கர் நினைவாக 1983இல் இரவிசங்கர் ஏற்பாடு செய்த விழாவிலே கவிதை சொல்லத் தொடங்கி, உருதுக் கவிதைகளை நடிப்போடு ஓதும் கலையிலே புதியதொரு பெயர் எடுத்திருந்தார். பாகித்தானுக்கும் அழைக்கப்பெற்றுக் கவிதை சொன்னார்.

இருவரும் ஒரே மேடையில் மீண்டும் தோன்றவேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு முளைத்தது. அஜோகாவின் நாடகாசிரியர் ஷாஹித் நதீம், இவர்களுடைய வாழ்க்கையையே கருவாகக் கொண்டு, ஏக் தி நானி என்னும் நாடகத்தை எழுதினார். ஒரு பாட்டி இருந்தாள் என்று நம் சிறுவர் கதை தொடங்குவது போன்றதொரு தலைப்பு. மதீஹா கௌஹர் நெறிப்படுத்தினார்.

1993ஆம் ஆண்டில் லாகூரிலே அது அரங்கேறிற்று. அந்த ஆண்டு எத்தகையது என்பதை வாசகர் நினைவுகூர வேண்டும். அதற்கு முந்திய டிசெம்பரிலேதான் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. பம்பாய் வீதிகளில் இரத்தம் ஓடியது. பாகித்தானிலும் கோயில்கள் தாக்கப்பட்டன. இருபுறமும் வெறுப்பு ஓங்கியிருந்த வேளையிலே, ஓர் இந்து மருமகளாய் வாழ்ந்த எண்பத்தொரு வயது முதியவள் தில்லியிலிருந்து லாகூருக்குச் சென்று, எழுபத்தாறு வயதுத் தங்கையோடு மேடையேறினாள். இறுதியாக ஒரே குழுவிலே நடித்தபின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

நாடகத்தின் கதை எளியது. லாகூரிலே ஒரு பெயர்த்தி. அவளுக்கு ஆடவும் நடிக்கவும் ஆசை. கண்டிப்பு மிக்க பாட்டி ஒருத்தியின் நிழலிலே அவள் வளர்கின்றாள். எல்லைக்கு அப்பாலிருந்து மற்றொரு பாட்டி வருகின்றாள். கலையோடு கூடி வாழ்ந்தவள், வாய்விட்டுச் சிரிப்பவள். பெயர்த்தியின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது வழக்கு. இரு பாட்டியரும் வாதாடும்போது, அவ்வாதம் நாடகாசிரியர் கற்பித்த வாதமா, இரு சகோதரியர் நாற்பது ஆண்டாக நெஞ்சிற் சுமந்த வாதமா என்று காண்போர் ஐயுறும்படி அது அமைந்திருந்தது. வீட்டில் அடங்கியிருந்தவளின் வேடத்தை உஸ்ரா ஏற்றார். உண்மையிலே அறுபத்தெட்டாம் வயதில் அடக்கத்தை விட்டுவந்து மேடையேறியவர், மேடையிலே மேடையை வெறுப்பவளாக நடித்தார். இதனினும் கடினமான நடிப்பு ஒரு கலைஞருக்கு வாய்த்திருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு. ஸோரா தாமாகவே நடித்தார். அது அவருக்கு எளிது. உஸ்ரா தாம் ஆகாது விட்ட ஒருத்தியாக, அன்றி இருபது ஆண்டு ஆகியிருந்த ஒருத்தியாக நடித்தார்.

பம்பாயிலே தலைவியாயிருந்த தங்கையும் துணைவேடம் பூண்ட அக்காளும் இப்போது சமன் செய்த துலாக்கோல் போல் நின்றனர். பழைய முள் எங்கே போயிற்று? முதுமை அதனை மழுக்கியிருக்கலாம். பிரிவு அதனைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். ஒருவரைக் காணவே அனுமதிச்சீட்டு வேண்டியிருக்கும்போது, யார் தலைவி யார் துணை என்ற கணக்கு எவருக்கு நினைவிருக்கும்?

நாடகம் லாகூரோடு நின்றுவிடவில்லை. இந்தியாவிலும் ஆடப்பட்டது. அதன் ஆங்கில வடிவம் 2001இல் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலே மேடையேறிற்று. அப்போது அக்காளுக்கு எண்பத்தொன்பது வயது. தங்கைக்கு எண்பத்து நான்கு. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர், உதயசங்கரின் குழுவிலே இளநங்கையராய் அவர்கள் ஆடிச் சென்ற அதே நாடு.

ஸோராவைத் தேடிப் பட்டங்கள் வந்தன. 1998இல் பத்மஸ்ரீ, 2001இல் காளிதாச சம்மானம், 2010இல் பத்மவிபூஷணம். 2004இல் வெளிவந்த வீர்ஸாரா என்னும் படத்திலும் நடித்தார். இரு நாட்டெல்லைக்கு இருபுறமும் பிரிந்த காதலரின் கதை அது. உஸ்ராவுக்கும் பாகித்தான் அரசு விருதளித்தது. தொண்ணூறு வயதை எட்டியபின்னும் அவர் அஜோகாவின் மேடையில் தோன்றினார்.

2010ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி உஸ்ரா லாகூரிலே காலமானார். அவருக்கு வயது தொண்ணூற்று மூன்று. ஸோரா அப்போது தில்லியிலே தொண்ணூற்றெட்டாம் வயதில் இருந்தார். தங்கை மறைந்தபின் நான்கு ஆண்டு வாழ்ந்து, 2014ஆம் ஆண்டு யூலை மாதம் 10ஆந் திகதி, நூற்றிரண்டாம் வயதிலே அவரும் கண்மூடினார். ஒருத்தியை லாகூரிலே மண்ணில் அடக்கினர். மற்றவரைத் தில்லியிலே எரியூட்டினர்.